தட்டுப்பட்டால் பிரி

என் ஓரகத்தி மெத்தைப் பட்டறையில் வேலை பார்க்கிறார். தைத்து முடித்த பஞ்சு மெத்தையை மேசையில் போட்டு, மூன்று விரல்களைச் சேர்த்து, வட்டம் வட்டமாக அழுத்திக்கொண்டே போவார். எங்காவது பஞ்சுக் கட்டி தட்டுப்பட்டால் தையலைப் பிரித்தாக வேண்டும். இத்துனூண்டு கட்டி, படுப்பவருக்குத் தெரியவே தெரியாது என்று வாயாடித் தையல்காரி தலைகீழாக நின்றாலும் மசிய மாட்டார். பட்டறையில் அவருக்குப் ‘பிரி அக்கா’ என்றே பெயர்.

ஒருநாள் பட்டறைக்கு நர்ஸ் ஒருவர் வந்து, மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மார்பகத்தை நாமே தடவிப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அக்காதான்.

அடுத்த வாரமே ஈரத் தலையோடு அடுப்படிக்கு வந்து, இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, உடனே கிளம்பலாம் என்றேன். அவரோ, வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் ஆர்டர் நெருக்கடி, மகளுக்குப் பரீட்சை, மழை என்று தினம் ஒரு சாக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“அக்கா, இது மெத்தையா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். “பிரிச்சிருப்பேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

புற்றுநோய்தான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. நான் அழுதேன், அவர் என்னைத் தேற்றினார். இந்த மனுஷி இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது முடி முளைத்து, பட்டறைக்கும் திரும்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, தலையணைக்குள் பட்டாணியை ஒளித்து வைத்து, பெண்களைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். சாப்பாடு கொண்டுபோன நானும் போன வாரம் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் கிண்டலும் கேலியுமாக இருக்க, வாயாடித் தையல்காரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, தனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்றாள்.

“வலிக்குதான்னு நான் கேக்கலையேம்மா” என்றார் அக்கா. “கிளம்பு, நானும் வரேன்.”

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.