பச்சை மரச் சக்கரம்

எங்கள் வீட்டின் பின்பக்கம், தண்ணீர் டிரம்முக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில், ஐந்தாறு மரக்கட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் இரு முனையிலும் நீல பெயின்ட் அப்பியிருக்கும். கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்பார்கள். முனை வழியாக ஈரம் அவசரமாக வெளியேறினால் கட்டை வெடித்துவிடும், அதனால் மூடி வைத்திருக்கிறோம் என்பேன். கட்டை எதற்கு என்று அடுத்த கேள்வி வருவதற்குள் காபி போட உள்ளே போய்விடுவேன்.

என் மகளுக்கு நடைவண்டி செய்யத்தான் அந்தக் கட்டைகள்.

அவளுக்கு ஒன்றரை வயதானபோதும் அவள் நிற்கவில்லை. உட்காருவாள், தவழ்வதைப் போல வயிற்றால் நகர்வாள், சிரிப்பாள். தெருவில் அவளுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடின. பிரசவத்துக்கு முன்பு நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். லைனில் வருவதைப் பார்த்து நல்லது ஒரு பக்கம், சந்தேகமானது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். சந்தேகமானதற்கு மஞ்சள் ஸ்டிக்கர். வேலையை விட்டு வந்தபோது அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கண்ணை மட்டும் எங்கே கழற்றி வைப்பது என்று தெரியவில்லை. குளிப்பாட்டும்போது அவள் காலைப் பார்ப்பேன். இடது கால் கொஞ்சம் தளர்வோ? நேற்றும் இப்படித்தான் இருந்ததோ? எண்ணெய் தேய்த்தது போதவில்லையோ, அல்லது நான்தான் அழுத்தித் தேய்த்துவிட்டேனோ?

காஞ்சிபுரத்தில் குழந்தை மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். தசையில் இறுக்கம் குறைவாக இருக்கிறது என்று தெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

“நடப்பாளா டாக்டர்?”

“இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா. பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’ என்ற சொல்லை வீடு வரும் வரைக்கும் பஸ்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நம்பிக்கையில் சொன்னாரா, அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் சொன்னாரா என்று பிரிக்க முடியவில்லை.

என் கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இரும்பு கடையும் மிஷின் ஓட்டுகிறார். வீட்டிலும் அதே புத்திதான். காயலான் கடையில் பழைய வாஷிங் மிஷின் மோட்டார் ஒன்றை வாங்கி, பின்பக்கம் தகர ஷெட்டுக்குள் சின்னதாக ஒரு மரக் கடைசல் மிஷின் போட்டிருந்தார். ஒரு பூரிக்கட்டை, சில பம்பரங்கள், என் மாமியாருக்கு ஒரு பருப்பு மத்து. அவ்வளவுதான் அதுவரை அதில் செய்திருந்தார். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“நடவண்டி நானே கடையறேன்.”

“கடையிலயே விக்குதேங்க. கோயில் தெருவுல மாட்டி வெச்சிருக்காங்க.”

“அத்த உருட்டிப் பாத்தியா? சக்கரம் ஆடுது. நிக்கவே பயப்பட்ற புள்ளைக்கு ஆடற வண்டியா?”

வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் சில நாள் தோன்றும். வாங்கியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றும்.

வல்லம் வடகால் பக்கம் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நேரான மரத்தை அறுப்பு மில் லாரி ஏற்றிக்கொண்டு போய்விடும். கிளையையும் கோணலையும் செங்கல் சூளைக்காரர்கள் எடுப்பார்கள். அதற்கும் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாதது. அதைத் தேடி அவருடைய வார விடுமுறையில் மொபெட்டில் போனோம். நான் பின்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு. ரம்பம் போடுகிறவர் என்னைப் பார்த்து மிஷினை நிறுத்தினார்.

“இன்னாக்கா, அடுப்புக்கா?”

“இல்லண்ணா. கடைசலுக்கு.”

“இந்தக் கோணலையா?” அவர் என் கணவரைப் பார்த்தார். “சூளக்காரனே வாணாம்னு தள்ளிட்டுப் போனதுப்பா இது. எட்த்துக்கோ, எட்த்துக்கோ. புண்ணியமாப் போவும்.”

என் கணவர் பூவரசங்கட்டை ஒன்றைத் தூக்கி மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கட்டினார். வெட்டிய முகம் ஈரமாக, மஞ்சளும் பழுப்புமாக மின்னியது. மகள் அதில் கையை வைத்து, பிசுபிசுப்பைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சகுனம் என்று நினைத்தேன். சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான்.

அந்த வாரமே மூன்று சக்கரங்களும் தயாராகிவிட்டன. காயாத பச்சை மரத்தில் உளி வெண்ணெயில் போவது மாதிரி இறங்குகிறது என்றார். ஷெட்டில் சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. கம்பெனியில் தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தைக்கூட அளந்து பழகியவர் அவர். அங்கே இருப்பது மாதிரியே ஒரு அளவுகோலை எடுத்து அச்சுக்கம்பியை அளந்தார், சக்கரத்தின் ஓட்டையை அளந்தார். கம்பி ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டமே இல்லை. நானும் அளந்து பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. எந்தச் சக்கரத்துக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததெல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். இன்று அளந்த அளவு அடுத்த வாரமும் அப்படியே இருக்கும் பொருள்கள்.

வண்டிக்குச் சட்டம் அடித்து, கைப்பிடிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஷெட்டிலிருந்து ‘டப்’ என்று சத்தம் கேட்டது. தேங்காய் உடைப்பது மாதிரி. போய்ப் பார்த்தேன். பின்சக்கரங்களில் ஒன்று விளிம்பிலிருந்து நடுவரைக்கும் பிளந்திருந்தது, ஒரு துண்டு வெட்டி எடுத்த பழம் மாதிரி. இன்னொன்றில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. மூன்றாவது வெடிக்கவில்லை. ஆனால் அதன் ஓட்டை சுருங்கி அச்சுக்கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. அவர் வந்து சுத்தியலால் தட்டினார். அதற்கும் அசையவில்லை.

“ஒரு வாரத்துல இவ்ளோ மாறுமா?” என்று அவர் அந்தச் சக்கரத்தைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் படித்தோம், வீடியோக்கள் பார்த்தோம். மரத்தைக் காய வைக்க வேண்டும். கட்டையின் பருமனைப் பொறுத்து ஒரு வருடம், அதற்கு மேலும். முனைகளை மூட வேண்டும். வெயிலில் போடக் கூடாது. அவசரப்பட்டால் வெடிக்கும். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் வந்தது, காத்திருங்கள். மருத்துவரும் வேறு வார்த்தையில் அதைத்தான் சொல்லியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, என் கணவருக்கு வரவில்லை.

வேர்க்கட்டையில் இழைகள் பின்னிக் கிடப்பதால் சீக்கிரம் வெடிக்காது என்று எங்கோ பார்த்துவிட்டு, அடுத்த விடுமுறைக்குக் கடப்பாரையோடு கிளம்பினார். தொழிற்பேட்டையை ஒட்டி, வேலி போட்டும் வேலை தொடங்காத ஒரு மனை. அதற்கு முந்தின வருடம் வரை நெல் விளைந்த நிலம். காவல்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வரப்போரம் ஒரு வேம்பின் அடிக்கட்டை. அன்று என் மாமியாரும் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். பேத்தியை வெயிலில் அலைக்கழிப்பதைப் பார்க்கத்தான் என்றார்.

கட்டையைப் புரட்டி எடுக்க நேரமானது. எடுத்த இடத்தில் குழி. மாமியார் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

“புள்ளைய குடு.”

“எதுக்கு அத்தை?”

“நடக்காத புள்ளைய மண்ணுல நிக்க வெப்பாங்க. இடுப்பு வரிக்கும். மண்ணு காலப் புடிச்சி வலுவாக்கும். இவனையும் வெச்சோம், நட்ந்தானா இல்லியா? கேளு.”

“எனுக்கு இன்னா ஞாபகமா கீது?” என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

“உனுக்கு நேத்து தின்னதே ஞாபகம் இல்ல. காலு இல்லாமத்தான் டெய்லி ஷிப்டுக்குப் போறியா?”

படித்தவள் நான். மருத்துவர் சொன்னது தெரியும், தசை தெரியும், நரம்பு தெரியும். குழிக்குள் என்ன பூச்சி இருக்குமோ என்பதும் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு அவள் நடக்காமலே போய்விட்டால்? குழிக்குள் கையை விட்டு வேர் நுனிகளை ஒடித்தேன், கற்களைப் பொறுக்கி எறிந்தேன். பிறகு குழந்தையைக் கொடுத்தேன்.

மாமியார் அவளை இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி மெதுவாக அழுத்தினார். இடுப்பு வரைக்கும் மண். பிறகு கையை எடுத்தார்.

என் மகள் நின்றாள். அதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முதுகு நேராக, தலை நேராக, இரண்டு கையையும் மண்ணின் மேல் விரித்து வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அழவில்லை. அவள் இவ்வளவு உயரமா என்று நினைத்தேன். அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். சாலையில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

மண்ணை விலக்கித் தூக்கியபோது கால்கள் பழையபடி தொங்கின. மாமியார் முந்தானையால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, “ஒரு நாள்ல இன்னா ஆயிடும்?” என்றார். பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். மழை வந்து குழியில் தண்ணீர் நின்றது. அடுத்து அந்த மனையில் வேலை தொடங்கிவிட்டது. தெரபி சொல்லித்தரும் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன், சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர், “வீட்ல பயிற்சி கொடுக்கறீங்கதானே?” என்று கேட்கும்போது, அந்தக் குழியைத்தான் கேட்கிறார் என்று பயந்தேன்.

பிறகு கொண்டுவந்த சில கட்டைகளோடு வேர்க்கட்டையும் நீல பெயின்ட் பூசி டிரம் பக்கத்தில் கிடந்தது. அவர் வாரம் ஒருமுறை அதைத் தராசில் வைத்து நிறுப்பார். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நானும் மகளைத் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். கட்டையின் எடை குறைந்தது, இவள் எடை கூடியது. இடுப்பில் வைத்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது கை மரத்துப் போகும். மற்றபடி சொல்வதற்கு மாற்றம் எதுவுமில்லை. பிடித்து நிறுத்தினால் கொஞ்ச நேரம் முட்டியைப் பூட்டிக்கொள்வாள், பிறகு மடிவாள். “முன்னைக்கு இப்ப பரவால்ல” என்று தெரபிப் பெண் சொல்வார். எந்த முன்னையைவிட என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் அவர் வேர்க்கட்டையை எடை போட்டுவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். வெறும் பானை மாதிரி கணீரென்றது.

“காஞ்சிடுச்சி. இந்த வாட்டி ஓட்டைய லூசாவே உடறேன்.”

ஷெட்டிலிருந்து பழைய சட்டத்தை எடுத்து வந்தார். தூசி தட்டி வாசலில் வைத்தார். மகளைத் தூக்கி அதன் முன்னால் பிடித்தேன். கைப்பிடி அவள் தொடைக்குக் கிட்டே இருந்தது. அது ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரத்துக்கு அளந்து அடித்த சட்டம். இவள் அதைத் தாண்டி வளர்ந்திருந்தாள். வளர்வதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. இந்த உயரத்துக்கு நடைவண்டி யாரும் செய்வதில்லை. இந்த உயரத்துப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

அவர் சட்டத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

“நெலையாண்ட நிக்க வை. புதுசா அளவு எட்த்துக்கிறேன்.”

கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, அக்குளுக்கடியில் கை கொடுத்து நிறுத்தினேன். அவர் குந்தி உட்கார்ந்து அவள் நெஞ்சு உயரத்தைக் கண்ணால் பார்த்தார்.

“கைய எடு. புட்ச்சிகினு இருந்தா அளவு மாறும்.”

நான் எடுக்கவில்லை. அவளுடைய முழு எடையும் என் இரண்டு கையில் இருந்தது. பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

“எடுத்துட்டியா?”

“ம்.”

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு நிலையில் கோடு போட்டார்.