ஈஸ்ட் மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி வசந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருச்சுழி. பெங்களூரில் ஆராய்ச்சி. எதில்? ஈஸ்ட்டில்.

எனக்குத் தெரிந்து ஈஸ்ட்டுக்கு இரண்டே வேலைதான்... ஒன்று ரொட்டி, இன்னொன்று சாராயம். ரொட்டிக்காக எவனாவது அஞ்சு வருஷம் படிப்பானா?

என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. பெண் கொடுக்குமுன் நாலு இடத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம் – நான் நாற்பது இடத்தில் விசாரிப்பேன். வசந்தாவுக்கு வந்த மூன்று வரன்கள் அப்படித்தான் தட்டிப்போயின. இது நாலாவது.

போன மாதமே பெங்களூர் போய், லேப் வாசலில் தமிழ் வாட்ச்மேன் ஒருவரைப் பிடித்தேன். "நல்ல மனுஷன் சார். உள்ள போகுமுன்னாடி வாட்ச், சாவி, பர்ஸ் எல்லாத்தையும் கழட்டி வச்சிருவாரு" என்றார். லாக்கப்பில் தள்ளுமுன்தானே இப்படிக் கழற்றச் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கேசரித் தட்டை நீட்டியபடியே கேட்டுவிட்டேன். "வாட்ச்சை எதுக்குக் கழட்டுறீக?"

"உள்ள பெரிய காந்தம் இருக்கு. வாட்ச் நின்னுரும்" என்றார் மாப்பிள்ளை, அசராமல். "இரை இல்லாட்டி ஈஸ்ட்டு, விதை மாதிரி உருமாறித் தூங்கிரும். அதுக்குள்ள எவ்வளவு புளிப்பு இருக்குன்னு அளக்குறோம். காந்தத்துல வச்சா, உள்ள இருக்கிற பாஸ்பரஸ் சிக்னல் குடுக்கும். புளிப்புக்குத் தக்கன சிக்னல் நகரும்."

மிளகாய் வத்தல் வியாபாரியான அப்பா விடுவாரா? "வத்தலை உடைக்காம உள்ள இருக்கிறதைச் சொல்ல முடியுமா தம்பி?"

"ஈஸ்ட்டை உடைச்சா உள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும் கலந்துரும் மாமா. அப்புறம் அளந்து என்ன பிரயோசனம்?"

மாமாவாம். அதற்குள்ளாகவா?

அப்போது அடுக்களை வாசலிலிருந்து வசந்தாவின் குரல். "அது தூங்குதா, செத்துப்போச்சான்னு எப்படித் தெரியும்?"

அம்மா முறைத்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீனித்தண்ணியில போட்டா தெரிஞ்சிரும். தூங்குறது முழிச்சுக்கிரும்" என்றார். வசந்தா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பஸ் ஏறியதும், "இன்னும் ரெண்டு இடத்துல விசாரிச்சிருவோம்" என்றேன்.

"ஊரெல்லாம் விசாரிச்சீகளேண்ணே... என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள் வசந்தா. மூன்று வரன் போனபோதும் கேட்கவில்லைதான். வெட்கமாக இருந்தது.

"சரி, சொல்லு. பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

அடுக்களை பத்தடி தூரம்... நான் பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறேன்.