கப்பலில் வருவதாகச் சொல்லப்பட்ட சாமான்கள்

அத்தான் ஜேர்மனியிலிருந்து ஒரேயடியாக வந்து இறங்கிய அன்று அவர் கையில் இருந்தது ஒரேயொரு சூட்கேஸ். மண்ணிறம், ஒரு பக்கச் சில்லு உடைந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் சூட்கேஸைச் சொந்தக்காரர் சுற்றியிருக்க நடு விறாந்தையில் வைத்துத் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொக்கிளேற்றும் சவர்க்காரமும் சென்ற் போத்தலும் வெளியே வரும், ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கொடுபடும். அன்று வந்தவை பழைய சேட்டுகள், ஒரு மருந்துப் பை, என் அக்காவின் சட்டம் போட்ட படம், துவாயில் சுற்றிய ஒரு தாச்சிச் சட்டி. "மிச்சமெல்லாம் விட்டிட்டன்" என்றார் அத்தான். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதை அனுப்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு "கப்பல்லையோ விட்டனீங்கள்?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பிளேன் மாறி, கொழும்பிலிருந்து பஸ்ஸிலும் வந்த மனிதர் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஓமோடு ஊர் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கியது.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். கரவெட்டிக்காரர். கலியாணம் முடித்து, அரியாலையில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவின் சீதன வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு சண்டைக் காலத்தில் இரண்டு பேரும் ஜேர்மனிக்குப் போனார்கள். அகதி விண்ணப்பம் இழுபட்ட வருசங்களில் அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த பின் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்க் குசினியில் சட்டி பானை கழுவினார். பதிவோடு உழைத்த காலத்தை வைத்துத்தான் அங்கே பென்சன் வரும். பிந்தித் தொடங்கியவருக்குக் கொஞ்சம்தான் வந்தது. அக்கா இருந்தவரை இருவருடையதையும் சேர்த்து ஒருமாதிரிச் சமாளித்தார்கள். அவ தவறிப் போன பிறகு வாடகையும் குளிர்காலத்துச் சூட்டுக்கான செலவும் அதை விழுங்கத் தொடங்கின. கடைசிக் குளிருக்குக் கோட்டைப் போட்டபடியே படுத்தாராம். பிள்ளைகளும் இல்லை. அரியாலையில் வீடு சும்மா கிடக்கிறது, அந்தப் பென்சனில் அங்கே ஒரு மனிதன் சோறும் மீனும் தின்று மரியாதையாகச் சீவிக்கலாம் என்று நினைத்துத்தான் வந்தார். கையில் இருந்தது ஜேர்மன் பாஸ்போர்ட். பிறந்த ஊரில் படுத்தெழும்ப விசா எடுத்துக்கொண்டு வந்த வெளிநாட்டுக்காரர் அவர். அவருடைய யோசனையில் பிழை ஒன்றும் இல்லை, எங்களை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கடைக்குப் போனால் "சாமான் வந்திட்டுதே?" என்பார்கள். சலூனில் கேட்பார்கள். செத்த வீட்டில் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டும் ஒருத்தி என்னிடம் கேட்டாள். கப்பலில் பிரிஜ் வருகிறது, சோபா வருகிறது, கார்கூட வருகிறது என்று அது நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டு போனது. கோயில் பொருளாளர் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு திருவிழாவை அத்தான் பெயரில் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டே எழும்பினார். அக்காவின் பெயருக்காக அதை அத்தான் ஏற்றுக்கொண்டார். மேளமும் சாத்துப்படியும் அன்னதானமும் அவர் செலவில் குறைவில்லாமல் நடந்தன. அதற்குப் பிறகு பல மாதங்கள் மீன்காரரின் ஹோன் சத்தம் கேட்டால் அத்தான் வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். வேலியால் அதைப் பார்க்கிறபோது எனக்குப் பத்திக்கொண்டு வரும். யார்மேல் கோபம் என்றுதான் தெரியாது.

எங்கள் ஆட்களை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வராது. அக்கா வந்துபோன ஒவ்வொரு தரமும் கழுத்து நிறையத் தங்கத்தோடுதான் வந்தா. அதில் பாதி அங்கே சிநேகிதியிடம் இரவல் வாங்கியது என்று எனக்கு மட்டும் சொன்னா. அத்தான் அனுப்பிய படங்களிலெல்லாம் அவருக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கும். குசினியைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. ஹோட்டலில் வேலை என்றால் நாங்கள் முன்வாசலைத்தான் நினைத்துக்கொண்டோம். இத்தனை வருசமாக இரண்டு பேருமாய்ச் சேர்ந்து கட்டிய அந்தப் பணக்காரரை இப்போது அத்தான் தனியாளாக நின்று இடிக்க வேண்டியிருந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அடுத்த வருசம் பொருளாளர் வந்தபோது சொன்னார். "எனக்கு வாறது சின்னப் பென்சன், தம்பி. அதிலைதான் சீவியம் போகுது." பொருளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கென்ன அண்ணை, நீங்கள் யூரோவிலையெல்லோ எடுக்கிறியள்!" படலையைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு மாறிவிட்டது. பின்னேரத்துக்குள் அத்தானுக்குக் 'கசவாரம்' என்று பெயர் விழுந்தது. காசை இறுக்கிப் பிடிக்கிறவனை எங்கள் ஊர் அப்படித்தான் சொல்லும். இல்லாதவன் என்று ஒருவரும் நம்பவில்லை, கொடுக்க மனமில்லாதவன் என்றால் எல்லோருக்கும் உடனே விளங்கியது. அன்றைக்கு அத்தான் எங்கள் வீட்டுப் படியில் வந்து இருந்தார். "அங்கை நான் இல்லாதவன் எண்டு கவுண்மேந்துக்கும் தெரியும், கடைக்காரனுக்கும் தெரியும். ஆனா என்னை ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை என்னை எல்லாருக்கும் தெரியும், இதை மட்டும் நம்ப மாட்டினமாம். களைச்சுப் போனன், மச்சாள். திரும்பிப் போறன். குளிருக்குக் கதை சொல்லத் தேவையில்லை."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. பயண ஏஜென்சிக்குப் போய் விசாரித்தும் வந்துவிட்டார். அந்தக் கிழமைதான் கரவெட்டியிலிருந்து அவருடைய தம்பி வந்தார். தோட்டமும் வயலும் செய்கிற மனிதர், அதிகம் கதைக்கத் தெரியாதவர். மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு சுவரோடு நிற்கிறது, கூரை போட அண்ணர் கைகொடுப்பார் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது. "கப்பல் வரட்டும் எண்டுதான் அண்ணை இவ்வளவு நாளும் பாத்தனான்" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் எழும்பப் போனேன், "இரும்" என்றார்.

"கப்பலும் இல்லை, ஒண்டும் இல்லை, தம்பி" என்று தொடங்கினார். நிலக்கீழ்க் குசினியில் கொதிதண்ணீர்க் குழாய்க்குக் கீழே நின்ற வருசங்களைச் சொன்னார். கையுறைக்குள் விரல்கள் வெந்துபோகும் என்றார். படங்களில் நின்ற கார் எல்லாம் தெருவில் நின்ற கார் என்றார். வீட்டுக்குக் காசு அனுப்பிய மாதங்களில் அக்கா வெறும் பாணைத் தின்று நாளைப் போக்கியதையும் சொன்னார், அது எனக்கே அன்றுதான் தெரியும். அழவில்லை. பாரத்தை இறக்கி வைக்கிறவர்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். தம்பி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில் "அப்ப ஏனண்ணை எங்களுக்கு அனுப்பினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். "நீங்கள் கேட்டனீங்கள்" என்றார் அத்தான். தம்பி தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் பஸ் ஏறப் போய்விட்டார். இதுவும் முறிந்தது, இனி இந்த மனிதரை ஒன்றும் மறிக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

கதை எப்படிப் பரவியதோ தெரியாது. பொருளாளர் இப்போது எங்கள் ஒழுங்கையில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார். சாமான் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பின்னேரங்களில் அத்தானைத் தேடி வந்து கதைத்துக்கொண்டிருந்தவர்களும் குறைந்தார்கள். கப்பலுக்காக வந்தவர்கள் எத்தனை பேர், மனிதருக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்பது நன்றாகத் தெளிந்துவிட்டது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அவர் ஏஜென்சிக்குப் பதில் சொல்வதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

அறுவடை முடிந்த கையோடு ஒரு காலை தம்பி படலையைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் ஒரு உரப்பை. விறாந்தையில் இறக்கி வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். மொட்டைக்கறுப்பன், எங்கள் நிலத்துச் சிவப்பரிசி, அப்போதுதான் குற்றிய மணம் வந்தது. அத்தானின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய்விட்டது. "எவ்வளவு, தம்பி?"

"கையை எடுங்கோ அண்ணை. விக்கக் கொண்டரேல்லை. நீங்கள் சாப்பிடக் கொண்டந்தனான்." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கூரையை நான் மெல்ல மெல்லப் போடுவன். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள் ஒரு இடமும் போகாதேங்கோ" என்றார்.

அத்தான் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது. என் பக்கம் திரும்பி, தம்பிக்குக் கேட்காது என்று நினைத்துச் சின்னக் குரலில் சொன்னார். "எப்பிடி வாங்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, மச்சாள்."

தம்பிக்கு அது கேட்டுவிட்டது. குனிந்து பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மற்றக் காதைப் பிடித்தார்.