கோச்சடைக்குப் போகும் ப்ரூஃப்

மதுரையில் மேல மாசி வீதிக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் ஜெயக்கொடிக்கு ப்ரூஃப் பார்க்கும் வேலை. பரீட்சை நெருங்கும்போது கடை வாசல்களில் கயிற்றில் தொங்குமே பள்ளிக்கூட நோட்ஸ், அதைப் போடுகிற அச்சகம். வீடு கோச்சடையில். கணவன் மலையாண்டி வெள்ளையடிக்கிறவனாக இருந்தவன். ஒரு கல்யாண மண்டபத்துச் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டான். கையும் வாயும் நன்றாக இருந்தன. வாய் முன்னைவிடக் கூடுதலாகவே நன்றாக இருந்தது. பிள்ளைகள் இல்லை.

இப்படிக் கிடப்பவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும் என்று தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் அச்சகத்து ஆள் என்பதால் கிடைத்த வைத்தியம் அது. சம்பளத்தில் பிடிப்பார்கள், அந்தக் கார்டைக் காட்டினால் மாத்திரை, ஊசி, பஞ்சு, புண்ணுக்குக் களிம்பு எல்லாம் தருவார்கள். புரட்டிப் போட மட்டும் ஆள் வராது. காலையில் அவனைப் புரட்டிவிட்டு பஸ் ஏறினால் அவள் திரும்புவதற்கு விளக்கு வைத்துவிடும். நடுவில் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் வந்து பார்ப்பாள். அவள் ஒல்லி. மலையாண்டி ஆறடி.

"தம்பி, நீயும் கொஞ்சம் எம்பிக் குடேன்" என்பாள்.

"எம்ப முடிஞ்சா நான் ஏன்க்கா இங்க கெடக்கேன்? இந்நேரம் உன் வீட்டுக்கு வெள்ளையடிச்சிருப்பேனே."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவன் கிடந்தபடியே கிடப்பான். அடி முதுகில் புண் வந்தது. களிம்பு போட்டும் ஆறவில்லை. படுத்தே இருந்தால் எப்படி ஆறும்?

ஓர் ஐப்பசியில் விடாமல் அடித்த மழையில் அச்சகத்து முன்னறைச் சுவர் சரிந்தது. ஜெயக்கொடி உட்காரும் அறை அதுதான். முதலாளி வெள்ளைத்துரை நனைந்த காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "சுவரு எந்திரிக்கிற வரைக்கும் வீட்டுல வச்சுப் பாத்துக் குடுத்துர்றியாம்மா?" என்று கேட்டார். மனசு மாறிவிடுவாரோ என்று அவள் கண்ணாடியையும் சிவப்பு மைப் பேனாவையும் உடனே பையில் போட்டுக்கொண்டாள்.

முதலாளி வீடும் கோச்சடையில்தான். அவருக்கும் டவுனில் வேறு சிலருக்கும் வீட்டுச் சாப்பாட்டைக் கூடையில் எடுத்துப் போகிறவள் தங்கப்பொண்ணு. திருத்திய தாள்கள் கேரியர்களுக்கு அடியில் டவுனுக்குப் போயின. சாயங்காலம் காலிக் கேரியர்களோடு புது ப்ரூஃப் வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு கேரியர் சரியாக மூடாமல் போய், சாம்பார் ஒழுகிவிட்டது. சனிக்கிழமை ஜெயக்கொடி அச்சகத்துக்குப் போனபோது ஃபோர்மேன் ஷேக் தாவூது அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

"எது நீ திருத்துனது, எது சாம்பார் திருத்துனதுன்னு தெரியல தங்கச்சி. ஒரு முற்றுப்புள்ளிய எடுக்கலாம்னு நகத்தால சுரண்டுனா, கடுகு."

அதன்பிறகு தாள்கள் பிளாஸ்டிக் பைக்குள் போயின.

ப்ரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டுவார். அச்சகத்தில் வாசித்துக்கொண்டிருந்த பெண் மேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். முதலாளி வேறு ஆள் போடவில்லை. வீட்டில் அந்த இடத்துக்கு மலையாண்டி வந்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு ஏணி பிடித்த பழக்கத்தில் எழுத்தின் மேல் ஒரு கண் உண்டு. ஒருக்களித்துப் படுத்து, தலையணை மேல் பிரதியை வைத்துக்கொண்டு வாசிப்பான்.

"வெயிலின் நன்மைகள் யாவை, கேள்விக்குறி. ஒன்று, புள்ளி. துணிகள் உலரும், முற்று. இரண்டு, புள்ளி..." நிறுத்துவான். "ஏ புள்ள, வெள்ளையடிச்ச சுவரு காயும்னு போடலையே. சேத்துருவமா?"

"உள்ளத உள்ளபடி வாசிங்க."

"படிக்கிற பிள்ளைக பாஸாகட்டுமேன்னு சொன்னேன்."

அச்சகத்தில் மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. இங்கே அவன் குரல் மட்டும்தான். பிழைகள் குறைந்துவிட்டன என்று தாவூதே சொன்னார். வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பக்கம், துணி ஊறும் நேரத்தில் ஒரு பக்கம், இடையில் நேரம் பார்த்து அவனைப் புரட்டிப் போடுவது. கார்த்திகை பாதியில் புண் ஓரம் கூடிவந்தது. மார்கழியில் அவள் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சுருச்சு" என்றாள். அவனுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது. "நீ சொன்னாச் சரி" என்றான்.

சுவர் எழும்பிவிட்டது என்று தை பிறந்ததும் தங்கப்பொண்ணு சொன்னாள். மறுநாளே ஜெயக்கொடி முதலாளி முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததில் பாதிதான் வாயில் வந்தது.

"இப்படியே வீட்டுலயே பாத்துத் தாரேன் மொதலாளி. நிரந்தரமா."

வெள்ளைத்துரை சிரித்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன். உனக்கு பஸ் அலைச்சல் இல்ல. வீட்டுக்காரரப் பாத்துக்கலாம். எனக்கும் ஒரு அறை மிச்சம். வேலையும் சுத்தமா வருது. இனிமே அப்படியே வச்சுக்குவோம்."

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். எழுத்துகள் அடுக்கிய பெட்டிகளுக்கு அருகில் தாவூது நின்றிருந்தார்.

"ஒம் பேரு இருக்குமான்னு கேட்டியா தங்கச்சி?"

"என்ன பேருண்ணே?"

"மாசச் சம்பளத்துலருந்து ஒன்னைய எடுத்துட்டு, பக்கத்துக்கு இம்புட்டுன்னு கூலி போடச் சொல்லிருக்காரு. வெளியாளு கணக்கு. வெளியாளுக்கு ஈ.எஸ்.ஐ. கெடையாது."

அவள் திரும்பி உள்ளே போனாள். வெள்ளைத்துரை கெட்ட மனிதர் இல்லை. மலையாண்டி விழுந்த அன்று தன் காரைக் கொடுத்து அனுப்பியவர். இப்போதும் அவளை உட்காரச் சொன்னார்.

"வீட்டுல இருந்து பாக்குறவள ஆளுன்னு எப்படிம்மா காட்டுறது? ஆடிட்டர் ஒத்துக்க மாட்டேங்குறாரு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து ஆளக் காட்டுன்னா, கோச்சடைக்குக் கூட்டிட்டு வரவா?"

"மருந்தெல்லாம் அந்தக் கார்டுலதான் மொதலாளி வாங்குறேன்."

"தெரியுது. நான் என்ன செய்ய?"

"அப்ப நான் பழையபடி இங்கயே வந்துர்றேன்."

"எங்கம்மா உக்காருவ?"

அவள் முன்னறையை எட்டிப் பார்த்தாள். புதுச் சுவர். அவள் மேஜை இருந்த இடத்தில் தரையைத் தோண்டி, சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். காகிதம் வெட்டும் மிஷினை இறுக்குவதற்கான போல்ட்டுகள் நட்டுக்கொண்டு நின்றன. ஒருவன் குடத்திலிருந்து மேடைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நீதானம்மா நிரந்தரமான்னு இப்ப கேட்ட" என்றார் முதலாளி. குத்திக் காட்டுகிற தொனி இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. புதுப் பிரதி ஒன்றையும் அதன் ப்ரூஃபையும் எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மலையாண்டியிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் அடுத்த மாத்திரைச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

"அப்ப நீ டவுனுக்கே போ" என்றான். "நான் கெடந்துக்கிறேன்."

"எங்க போக? மிஷினுக்கு மேடை கட்டிட்டாங்க. நான் நின்னுக்கிட்டா ப்ரூஃப் பாப்பேன்?"

"புண்ணு வந்தா வந்துட்டுப் போகுது. எனக்கா தெரியப் போகுது."

"மொகறையப் பாரு. ஒண்ணுக்குல கிருமி சேந்து காச்ச வந்து தூக்கித் தூக்கிப் போட்டதும் ஒங்களுக்குத் தெரியல. பக்கத்துல உக்காந்து பாத்தவளுக்குத் தெரியும். அந்த மாத்திரை இல்லாம முடியாது, நானும் இல்லாம முடியாது. ரெண்டுல ஒண்ணுன்னா எத வைக்க?"

அவள் அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்துவிட்டு, பிரதியைக் கொண்டுவந்து அவன் தலையணைப் பக்கம் வைத்தாள்.

"நான் வாசிக்க மாட்டேன்" என்றான். "அவரு புஸ்தகத்த நான் எதுக்கு வாசிக்கணும்? நீயாவது வெளியாளு. நான் எந்தக் கணக்கு?" முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் தனியாகப் பார்க்கத் தொடங்கினாள். பிரதியில் ஒரு வரி, தாளில் ஒரு வரி, மறுபடி பிரதி. விட்ட இடம் தவறிப் போனது. முன்பு இந்நேரம் நான்கைந்து பக்கம் முடிந்திருக்கும். இனிப் பக்கத்துக்குத்தான் கூலி. நாளைக் காலையில் கூடை வந்து வாசலில் நிற்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் சோறு வெந்துவிட்டது. வடித்துவிட்டு வந்து இன்னொரு பக்கத்தை எடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவன் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

புரட்டிப் போடும் நேரம் ஆனது. எழுந்து போய், ஒரு கையை அவன் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்தாள். கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்து, நடுவில் துணியைச் சுருட்டிச் செருகினாள். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் இப்போது அவள் பக்கம் பார்த்துக் கிடந்தான். வேறு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்.

அவள் போய்ப் பிரதியை மறுபடி எடுத்தாள்.

"கொண்டா" என்றான்.