இரண்டு மணி தொடக்கம் மூன்று மணி வரை

நிறஞ்சலா ஆறுதலாக ஓரிடத்தில் இருந்ததைத் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கண்டவர்கள் குறைவு. விடியப்புறம் அவளுடைய மனுசன் அம்புறோசின் படகு வந்தால் மீன் தெரிந்தெடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், உப்பிட வேண்டும், வெயில் ஏறக் கரையில் வலை விரித்து அதன்மேல் மீனைக் காயவிட வேண்டும். பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்க வேண்டும். போதாததற்குக் கோயிலில் அன்பியக் குழுவின் தலைவி வேறு. செபமாலையை ஸ்கூட்டியில் போகும்போதுதான் சொல்லுவாள். ஐந்து தேவரகசியங்களில் நாலாவதில் மன்னார் டவுன் வந்துவிடும், இல்லாவிட்டால் போன் அடிக்கும். அந்த ஐந்தாவது தேவரகசியம் இருக்கிறதே, பாவம், அது வருசக்கணக்காக அவளிடம் வந்து சேரவேயில்லை!

ஊர் சொல்லிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. கோயில் கூட்டுகிறாள், பூ வைக்கிறாள், ஆட்களைத் திரட்டுகிறாள். ஆண்டவரோடு நாலு வார்த்தை கதைக்க மட்டும் நா எழும்பவில்லை. கடைசியாக மனதாரச் செபித்தது எப்போது என்றும் ஞாபகமில்லை. ‘என்ர விசுவாசம் செத்துப்போச்சோ’ என்று தவக்காலம் முழுக்க மனதைப் போட்டு அரித்தது.

பெரிய கிழமையான புனித வாரத்துக்கு முன்னர் ஒருநாள் பகல் முழுக்க நற்கருணை ஆராதனை. மணிக்கு மணி ஆட்கள் மாறி மாறி முழந்தாளில் இருப்பார்கள். பீடத்தில் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் இருக்கும்வரை ஆண்டவரை ஒரு நிமிசமும் தனிய விடக்கூடாது. யார் யாருக்கு எந்த மணி என்று வருசாவருசம் பெயர் எழுதுகிறவள் நிறஞ்சலாதான். தன்னுடைய பெயரை மட்டும் எழுதமாட்டாள். இந்த வருசம் எழுதினாள். இரண்டு தொடக்கம் மூன்று, வெக்கைக்குப் பயந்து ஒருவரும் கேட்காத நேரம்.

“ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பியளோ அக்கா? கட்டிவைக்கக் கயிறு கொண்டரட்டோ?” என்று பக்கத்து வளவு றெபேக்கா பகிடி பண்ணினாள்.

அன்றைக்கு அவளோடு ஆறு பெண்கள் இருந்தார்கள். இரண்டு இருபதுக்கு வானம் இடித்தது. ஆறு பேருடைய கருவாடும் கரையில் கிடக்கிறது, ஆண்களோ மத்தியானமே திரும்பக் கடலுக்கு இறங்கிவிட்டார்கள். ஒருத்தி எழும்பினாள், பின்னால் இன்னொருத்தி எழும்பினாள். கடைசியாக றெபேக்கா, “அக்கா, இந்தா வாறன்” என்று ஓடினாள். நிறஞ்சலாவுக்கு நாலு நாள் உழைப்பு, அவ்வளவும் சூடைமீன், வெளியில் கிடந்தது. அவளும் வாசல்வரை ஓடி, ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கோயிலில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, பீடத்துக்கு முன்னால் தொப்பென்று இருந்தாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லாயிருக்கு ஆண்டவரே! வருசம் முழுக்க ஓடினன், நீர் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கு ஒரு மணித்தியாலம் உம்மோட இருப்பமெண்டு வந்தனான், இண்டைக்குத்தானோ உமக்கு மழை? இடுப்பு முறிய முறிய வெட்டினது நான்!”

தொடங்கின வாய் நிற்கவில்லை. மூத்தவனின் படிப்பு, அம்புறோசின் முழங்கால் நோ, எல்லாம் வந்தது. அம்மா செத்தவீட்டில் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடித் திரிந்ததில் அழவே நேரம் கிடைக்காமல் போனதும் வந்தது. அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியதால் அவள் குழறி அழுதது வெளியில் கேட்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அரை மணித்தியாலமாக அவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள்! இதுக்குத்தானே இவ்வளவு நாளும் தவித்தாள்! நெஞ்சு லேசாகிவிட்டது. “நன்றி ஆண்டவரே” என்றாள். “அங்க கருவாடு நனையுது, இங்க நான் நன்றி சொல்லுறன். எனக்கென்ன விசரோ?” சிரிப்பும் வந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தாள். அந்த இருப்பும் நன்றாக இருந்தது.

மழை விட்டு அடுத்த ஆட்கள் வரும்போது மூன்றரை தாண்டிவிட்டது. போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கரைக்கு நடந்தாள். அங்கே அவளுடைய வலை வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, நாலு பக்கமும் கல் வைத்த குவியல் ஒன்று. தூக்கிப் பார்த்தாள். அவளுடைய சூடை, ஈரம் படாமல் இருந்தது. சற்றுத் தள்ளித் தெப்பலாக நனைந்த றெபேக்கா, ஊறிப்போன தன்னுடைய மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனடி, உன்ரயை விட்டிட்டு என்ரயை எடுத்தனி?”

“எல்லாரும் சேர்ந்து உங்கடயைத்தான் அக்கா முதல்ல அள்ளினனாங்கள். நாங்கள் ஆண்டவரை விட்டிட்டு ஓடி வந்திட்டம். எங்களுக்கும் சேர்த்து அங்க இருந்தது நீங்கள்தானே.”

நிறஞ்சலா குந்தியிருந்து றெபேக்காவின் மீனைப் பிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் செபமாலையையும் தொடங்கினாள். மற்றவர்களும் வந்து மீனைப் பிரித்துக்கொண்டே செபத்துக்கு மறுமொழி சொன்னார்கள். நாலாவது தேவரகசியத்தில் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஐந்தாவதைத் தொடங்கினாள்.