நடீனின் முன் இருக்கை

டெல்மருக்கு வாய் அதிகம் பேசாது, கைதான் பேசும். முப்பத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். நடீனைப் பெண் கேட்கப் போன அன்றும் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவருடைய லாரியின் பிரேக்கைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டுத் திரும்பி வந்தான். "இந்தப் பையன் எதுக்கு வந்துட்டுப் போறான்?" என்று அவர் விழித்தபோது, விஷயத்தை நடீன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஜனவரியிலும் அதே கதைதான். ஒரு சனிக்கிழமை காலை பிஸ்கட் ரொட்டியைக் கிரேவியில் தோய்த்துத் தின்று முடித்தவன், கார் கொட்டகையில் கிடந்த படகின் மேலிருந்த தார்ப்பாயை உருவிப் போட்டான். பதினாறு அடி அலுமினியப் படகு, தட்டை அடி. பாஸ் மீனுக்குப் போகிற இரண்டு பேருக்குத் தாராளம்; மூன்றாவது ஆள் ஏறினால் ஒருவர் தூண்டில் இன்னொருவர் காதில் மாட்டும். சாயங்காலத்துக்குள் இருக்கை, தரைப்பலகை, கம்பளம், ஒயர் என்று அத்தனையையும் பிடுங்கிப் படகை வெறும் கூடாக்கிவிட்டான். எதற்கு என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தது நடீன் ஒருத்திதான்.

போன ஆகஸ்டில் நடீனுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பள்ளிச் சமையலறையில் இருபது வருடம் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவள், தன் வீட்டுச் சமையலறையில் ஒரு தக்காளியை நறுக்கிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது, பழைய காரம் குறையாமல். இடது கால் இழுத்துக்கொண்டது. இடது கைக்குப் பிடிமானம் முக்கால்வாசிதான். அக்டோபரில் ஒருநாள் ஜன்னல் வழியே படகைப் பார்த்துவிட்டு, "வித்துடு அதை, டெல்மர். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு" என்றாள்.

அன்றிலிருந்து டெல்மருக்கு ஒரு பயம். ஏரிக்கரையில் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூக்கிற வாரம், பாஸ் மீன்கள் முட்டையிடக் கரையோரம் ஏறி வரும். இருபத்தெட்டு வருடமாக அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் தண்ணீரில்தான் இருந்திருக்கிறார்கள். இந்த வருடம் அவள் படகில் ஏறாவிட்டால் இனி ஏறவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஏறாத நடீனோடு மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் ஸ்பேனரை எடுத்தான்.

உளுத்துப்போன தரைப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை அறுத்துப் பொருத்தினான். மேலே சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டினான். டிரெய்லர் சக்கரங்களின் பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் அடைத்தான். மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்குப் புது பம்பு. இவையெல்லாம் எல்லாரும் வசந்தத்துக்கு முன்பு செய்கிற வேலைகள். அவன் உயிரைக் கொடுத்துச் செய்தது பின்பக்க இருக்கையைத்தான்.

பழைய பணிமனையில் காயலான் கடைக்குப் போகக் காத்திருந்த பேருந்து ஒன்றிலிருந்து ஓட்டுநர் இருக்கையைக் கேட்டு வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் கைதாங்கி, சுழலும் அடிப்பாகம், இடுப்பு வார். சுற்றிலும் அலுமினியக் குழாயை வளைத்துப் பிடிகம்பி வைத்தான். நடீனுக்கு ஏற எத்தனை உயரம் தோதுப்படும் என்று பார்க்க, தன் இடது முழங்காலில் ஒரு மரச்சட்டத்தை வைத்து டேப்பைச் சுற்றிக்கொண்டு, விறைத்த காலோடு படகில் ஏறி இறங்கிப் பார்த்தான். மூன்றாவது தடவை தவறிப்போய் அஸேலியாப் புதரில் தலைகீழாக விழுந்தான்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"டெல்மர், செத்துட்டியா?"

"இல்ல கண்ணு."

"அப்போ என் புதரை விட்டு எந்திரி. மொட்டு விடுற நேரம்."

அந்த இரண்டரை மாதத்தில் படகு வேலையைப் பற்றி நடீன் பேசியது அவ்வளவுதான். கொட்டகைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரில் சத்தம் அதிகமானால் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

மார்ச் நடுவில் வேலை முடிந்தது. டெல்மர் குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்து வந்தான். நடீன் தடியை ஊன்றி நின்று படகைச் சுற்றிப் பார்த்தாள். பிடிகம்பியை ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பேருந்து இருக்கையின் கைதாங்கியைத் தடவினாள்.

"இது எனக்கா?"

"உனக்குத்தான். வார் இருக்கு, பாரு. டீ வைக்கக் குழிகூட வெச்சிருக்கேன்."

"முன்னாடி?"

"முன்னாடி எப்பவும் போல நான்."

அவள் முன்பக்க மேடையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தடியால் இருக்கையை ஒரு தட்டுத் தட்டினாள். "நல்ல நாற்காலி டெல்மர். தூக்கி வாசல்ல போடு. நீ மீன் பிடிச்சுட்டு வர்ற வரைக்கும் அதுல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டெல்மருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இரண்டரை மாத உழைப்பு. கை விரல்களில் தோல் பாதி இல்லை. இரண்டு நாள் வீட்டில் "உப்பு எங்கே", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாம் நாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தூண்டிலுக்குத் தங்கூசி நரம்புச் சுருள் வாங்கப் போகிறேன் என்று ஓபலின் தூண்டில் கடைக்குக் கிளம்பினான்.

ஓபலுக்கு வயது எழுபத்தைந்து. ஏரிக்கரையில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். டெல்மர் தங்கூசியை எடுக்காமல் அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, "என்னப்பா, முகம் பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?" என்றாள்.

அவன் வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பேருந்து இருக்கை, வார், புதரில் விழுந்தது, நடீன் சொன்னது, ஒன்று விடவில்லை. ஓபல் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாஞ் சரி. அவளை எங்க உக்கார வெச்சே?"

"பின்னாடிதான்."

"அட மண்டு!" என்றாள் ஓபல். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் குத்தியிருந்த படங்களில் ஒன்றைக் காட்டினாள். "இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

டெல்மர் நிமிர்ந்து பார்த்தான். நடீன், போன ஜூலையில், படகின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு ஏழரைப் பவுண்டு பாஸ் மீனை வாயைப் பிடித்துத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். இரண்டு காலிலும் நேராக நிற்கிறாள். படம் எடுத்தது அவன்தான். பார்த்தவுடன் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பாஸ் படகில் முன்னால் இருப்பவர்தான் ராஜா. மின்மோட்டாரின் மிதி அவர் காலடியில் இருக்கும். எந்தக் கரைக்குப் போவது, எந்த அடிமரத்தின் பக்கத்தில் நிறுத்துவது, எல்லாம் அவர் இஷ்டம். முதல் வீச்சும் அவருடையதே. பின்னால் இருப்பவருக்கு அவர் துழாவிவிட்டுப் போன மிச்சத் தண்ணீர். அதனால் படகு வாங்கிய வருடமே இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: ஒரு வருடத்தில் யார் ஆகப்பெரிய மீனைப் பிடிக்கிறாரோ, அடுத்த வருடம் முன்னிடம் அவருக்கு. முன்னால் நிற்பவனுக்குத்தானே பெரிய மீன் மாட்டும்? அப்படியே வருடா வருடம் டெல்மரே ஜெயித்து, இருபத்தெட்டு வருடமும் டெல்மரே முன்னால் நின்றான். மிச்சத் தண்ணீரில் தூண்டில் போட்டுப் போட்டு, கடைசியில் போன ஜூலையில் நடீன் ஜெயித்தாள். அடுத்த மாதம் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் அவன் அதை அடியோடு மறந்திருந்தான். அவள் மறக்கவில்லை.

"சீக்கு வந்துட்டா ஜெயிச்சதெல்லாம் இல்லேன்னு ஆயிடுமாப்பா?" என்றாள் ஓபல், குரலைத் தாழ்த்தி.

தங்கூசி வாங்காமலே டெல்மர் வீட்டுக்கு வந்தான். நடீனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பின்னிருக்கையின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். முன்பக்க மேடை உயரம், அவளுக்கு ஆகாது. அதை வெட்டித் தரையோடு இறக்கினான். இரும்பு இருக்கை முன்னால் போனால் படகின் மூக்கு தண்ணீரில் முங்கும் என்று பேட்டரிகளைப் பின்னால் நகர்த்தினான்.

இரண்டாம் நாள் முதுகுக்குப் பின்னால் தடிச் சத்தம் கேட்டது. நடீன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ விழுந்துடுவியோன்னு பயம். அந்தச் சமையலறைத் தரைல உன்னைப் பாத்தேன்ல. அதுக்கப்புறம் வேற எதுவும் மண்டைல ஏறல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயந்தான், டெல்மர். கால் இருக்கிறதே பாதி நேரம் தெரியறதில்ல. ஆனா பயந்துக்கிட்டு உக்கார்றதா இருந்தா, முன்னாடி உக்காந்து பயந்துக்கறேன்." பிறகு தடியை நீட்டினாள். "அந்த மிதியை ரெண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளு. என் நல்ல கால் அதுதானே."

அவன் இரண்டு அங்குலம் தள்ளினான். அதிகமாகப் போய்விட்டது என்று திட்டு வாங்கி, அரை அங்குலம் திரும்பக் கொண்டுவந்தான். அன்று முழுவதும் அவள் அதிகாரம் செய்ய, அவன் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டான்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் கரையெல்லாம் டாக்வுட் பூத்தது. பதினைந்து நாள் வெயிலில் தண்ணீரும் சூடேறியிருந்தது. டெல்மர் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளிச் சரிவில் இறக்கப் போகும்போது, துறையில் நின்ற நடீன், "அடைப்பான் போட்டியா?" என்று கத்தினாள். அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். படகின் அடியில் வடிகால் ஓட்டையை மூடியிருக்க வேண்டிய அடைப்பான் பத்திரமாகப் பைக்குள் இருந்தது.

முன்னால் உட்கார்ந்த நடீன் முதல் பத்து நிமிடம் படகை வட்டம் வட்டமாகச் சுற்றினாள். ஓர் அடிமரத்தில் நேராகக் கொண்டு போய் மோதினாள். முதல் வீச்சு மரக்கிளையில் சிக்கியது. டெல்மர் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகுதான். இருபத்தெட்டு வருடம் இவள் பார்த்தது என் முதுகை மட்டும்தானா என்று நினைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் அவள் கால் மிதியைப் பழகிக்கொண்டது. ஓடை ஏரியில் கலக்கிற முனையில் இரண்டு பவுண்டு மீன் ஒன்று அவளுக்கு மாட்டியது. இடது கையால் பிடிக்க முடியாமல் தூண்டில் கம்பைக் கைதாங்கிக்கும் விலாவுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு ரீலைச் சுற்றினாள். உதவி வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. அவள் மீனை விடுவித்துத் தண்ணீரில் விட்டபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

மதியம் உப்பு பிஸ்கட்டும் டப்பா சாசேஜும் தின்றுவிட்டு, ஒரு முங்கிய அடிமரத்தைத் தாண்டினார்கள். நடீன் அதை மூன்று வீச்சில் துழாவி ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டாள். டெல்மர் கடனே என்று அந்த மிச்சத் தண்ணீரில் ரப்பர் புழுவைப் போட்டான். கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஒரு தடவை மேலே புரண்டது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: எட்டுப் பவுண்டுக்குக் குறையாது.

அதைப் பிடித்தால் அடுத்த வருடம் முன்னிடம் அவனுடையது. நடீனுக்குக் கிடைத்தது இந்த ஒரு வருடம் மட்டும் என்றாகிவிடும். டெல்மர் ரீல் சுற்றுவதை நிறுத்தி, மெல்லக் கம்பைத் தாழ்த்தினான். தங்கூசி தளர்ந்தால் மீன் ஒரு உதறலில் போய்விடும்.

"தளர்த்தாதே" என்றாள் நடீன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல கண்ணு, அது தானா..."

"எனக்கு ரீல் சத்தம் தெரியும். பிச்சை போட்டீன்னா இங்கேயே இறங்கிக் கரைக்கு நடந்து போயிடுவேன். இழு!"

சொல்லிவிட்டு மிதியை அழுத்தினாள். படகு அடிமரத்தை விட்டு விலகி ஆழத்துக்கு நகர்ந்தது. தங்கூசி மரத்தில் சுற்றிக்கொள்ள இடம் கொடுக்காமல், மீன் போகிற பக்கமெல்லாம் படகின் மூக்கைத் திருப்பினாள். டெல்மர் இழுத்தான். கடைசியில் மீன் வலைக்குள் வந்து விழுந்தபோது இருவரும் நனைந்திருந்தார்கள். தராசில் மாட்டினான். எட்டுப் பவுண்டும் கொஞ்சமும்.

நடீன் பேருந்து இருக்கையைச் சுழற்றி அவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"அடுத்த வருஷம் இந்த இருக்கையைக் கழட்டிப் பின்னாடி மாட்டணும். உனக்குத்தான் வேலை."

டெல்மர் மீனைத் தொட்டிக்குள் விட்டான். அடுத்த வருஷம் என்று அவள் வாயால் கேட்டு எட்டு மாதமாகிறது.

"மாட்டிடறேன்" என்றான்.

"அவசரப்படாதே. நவம்பர்ல சீசன் முடியற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள இதைவிடப் பெரிசா ஒண்ணு பிடிக்கறேனா இல்லையா பாரு" என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் திரும்பி அடுத்த அடிமரத்தை நோக்கிப் படகை விட்டாள்.