ஏன் திரும்பக் கொண்டுபோய் விட்டாய்?

அப்போது நான் ஒரு தனியார் தமிழ் வானொலியில் வேலை பார்த்தேன். அறிவிப்பாளர் வேலை அல்ல. நேயர்கள் கலந்துகொள்ளும் காலை நிகழ்ச்சிக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை எடுத்து, யார், எங்கிருந்து, என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டு, ஒழுங்காகக் கதைக்கக்கூடியவர்களை உள்ளே இருக்கும் அறிவிப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார அன்ரி. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் மலையகத்திலிருந்து வந்த ஒரு அக்கா அங்கேயே தங்கியிருந்தார்.

அக்காவுக்கு ஒரு மகள். ஒன்பது வயது. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். வேலைக்குச் சேரும்போதே அன்ரி சொல்லிவிட்டாராம், பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று. ஆனால் அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. கோயிலில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, கொட்டாஞ்சேனையில் இருந்த பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இடம் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த சில வியாபாரிகள் சேர்ந்து நடத்திய இல்லம் அது. சாப்பாடு, உடுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கொஞ்சம் நேரத்தோடு சமைத்து வைத்துவிட்டு, புறக்கோட்டையில் பஸ் மாறிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் என்னிடம் ஏறி வந்து சொல்வார். “மக உயரமாயிட்டா, தங்கச்சி. சிங்களம் என்னயவிட நல்லா பேசுறா.”

அந்த வருடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு இல்லத்தைச் சில நாட்கள் மூடினார்கள். அன்ரி மனமில்லாமல் சம்மதித்து, பிள்ளை வந்து தாயோடு தங்கினாள். அவள் வாயாடி என்றுதான் அக்கா சொல்லியிருந்தார். வந்தவள் வாயே திறக்கவில்லை. தலை வாரிவிடும்போது தாயைத் தவிர யாரும் பின்னால் நிற்கக்கூடாது என்றாள். ஒரு பின்னேரம் அக்கா குசினிப் படியில் உட்கார்ந்து அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமல் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். இல்லத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாமாவைப் பற்றி.

“அந்த மாமா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, மத்தவங்க எல்லாரும் கீழ பாத்துக்குவாங்கம்மா.”

அதற்கு மேல் அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

அக்கா மேலே வந்து என் அறை வாசலில் நின்ற விதம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. அழவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார். “நீங்க படிச்சவங்க. சிங்களமும் தெரியும். எங்க போய் சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி.”

எங்கே போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியாது. லீவு போட்டுவிட்டு அவரோடு கூடவே போனேன்.

முதலில் இல்லத்துக்கு. விடுதிப் பொறுப்பாளரான அம்மையார் எங்களை உட்காரச் சொன்னார். கேட்டு முடித்ததும் பெருமூச்சு விட்டார். “இந்தப் பிள்ளையளுக்கு வீட்டை போய்ட்டு வந்தா இங்க இருக்க மனம் வராது. அப்ப ஏதாவது ஒண்டு சொல்லுவினம். நான் எத்தினை பிள்ளையளைப் பாத்திட்டன்.” கதவுக்கு வெளியே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “என்னெண்டாலும் நான் சம்பளத்துக்கு நிக்கிறவள். நிர்வாகத்தோட கதையுங்கோ” என்றார். அந்த இரண்டாவது வசனத்தில்தான் எனக்கு விளங்கியது, அவருக்குத் தெரியும் என்று.

நிர்வாகம் என்பது புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பின்னறை. நெற்றி நிறைய விபூதியோடு இருந்த பெரியவர், இல்லத்தின் செயலாளர், எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். அக்கா நின்றுகொண்டே சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அம்மா, நாங்க கைக்காசப் போட்டு நடத்துற தர்ம காரியம் இது. வெளிய போச்சுன்னா அத்தனை புள்ளைகளும் தெருவுக்கு வரணும். கமிட்டி கூடட்டும். நான் பேசுறேன்.” கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டேன். கோயில் திருவிழா முடியட்டும் என்றார்.

சிறுவர் விடயங்களைக் கவனிக்கும் அரச அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி இளம்பெண், மரியாதையாகத்தான் கதைத்தார். தாயின் நிரந்தர முகவரி நுவரெலியா மாவட்டம் என்பதால் அந்தப் பக்கத்து அலுவலகம்தான் இதை எடுக்கவேண்டும் என்றார். அல்லது பொலிஸ். பொலிஸ் நிலையத்தில் எங்களைச் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். பெண்கள், பிள்ளைகள் விடயங்களைப் பார்க்கும் அதிகாரி அன்று நீதிமன்றம் போயிருந்தார். மேசையிலிருந்தவரிடம் நான் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், இல்லம் நடத்துகிறவர்கள் பெரிய முதலாளிமார் அல்லவா, யோசித்துத்தான் வந்தீர்களா என்று. பிறகு சிங்களத்தில், “சந்துதா என்ன” என்றார். அதாவது, திங்கட்கிழமை வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமையோடு, இல்லத்தின் விடுமுறை முடிந்தது.

அன்ரிக்கு அக்கா விஷயத்தைச் சொல்லியிருந்தார். அன்ரி நம்பவில்லை என்று சொல்லமுடியாது. நம்ப விரும்பவில்லை. “அந்த இடத்தை நான் ஆரின்ரையோ கால்ல விழுந்து எடுத்துத் தந்தனான். இப்ப நான் என்னெண்டு அவையின்ர முகத்தில முழிக்கிறது? இஞ்ச வைச்சிருக்கேலாது. உனக்கு வேலை வேணுமோ வேண்டாமோ எண்டு நீயே யோசி.” என் அறையில் வைத்திருக்கவா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குத்தான் அறை தந்தது என்றார். அக்கா தன் அண்ணனுக்குத் தோட்டத்துக்கு அழைத்தார். அண்ணன் பெண்சாதி போனை எடுத்து, இருக்கிற ஒரு அறையில் எங்கே படுப்பது என்று கேட்டாள். கடைசியில் விடுதி அம்மையாரே அக்காவோடு போனில் கதைத்தார். பிள்ளையைத் தன் அறையில் தன் பக்கத்திலேயே படுக்கவைப்பதாகவும், அலுவலகப் பக்கம் விடமாட்டேன் என்றும் சத்தியம் பண்ணினார்.

அக்கா கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். பிள்ளை அழவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, ஒழுங்காக வரிசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அந்தத் திங்கட்கிழமை பொலிசுக்குப் போனோம். பிள்ளையைக் கூட்டிவரவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூட நாளில் பிள்ளையை வெளியே விடமுடியாது என்றது இல்லம். திருவிழாவும் வந்து போனது. கமிட்டி கூடியதா என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மழை தொடங்கிய பிறகுதான் எல்லாம் வெடித்தது. அதே இல்லத்தின் மூத்த பிள்ளையொருத்தி வகுப்பில் மயங்கி விழ, ஒரு ஆசிரியை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். டொக்டர் பொலிசுக்கு அறிவித்தார். அந்த அலுவலக ஆளைப் பிடித்தார்கள். விசாரித்தபோது ஒவ்வொரு பிள்ளையாகச் சொன்னார்கள். அக்காவின் மகளும் சொன்னாள். விடுமுறைக்குப் பிறகும் நடந்திருக்கிறது. விடுதி அம்மையார் பக்கத்தில்தான் படுக்கவைத்தாராம். பகலில் வேலை என்று அவன் கூப்பிட்டபோது, அனுப்பியும் வைத்தாராம்.

பத்திரிகைகளில் வந்தது. கொட்டாஞ்சேனையில் இல்லத்தின் முன்னால் சனம் கூடிக் கல்லெறிந்தது. எங்கள் நிலையத்தில் காலை நிகழ்ச்சிக்கு உடனே தலைப்பு எடுத்தார்கள்: இதற்குப் பொறுப்பு யார்?

விருந்தினராக வந்தவர்களைக் கண்ணாடிக்கு இப்பால் இருந்து நான் பார்த்தேன். புறக்கோட்டைப் பெரியவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற அரச அதிகாரி ஒருவர், ஒரு சட்டத்தரணி. பெரியவர் தழுதழுத்த குரலில் சொன்னார், “ஒரு முறைப்பாடாவது எங்க காதுக்கு வந்திருந்தா அந்த நிமிஷமே நடவடிக்கை எடுத்திருப்போம்.” அதிகாரி, ஆள் பற்றாக்குறையைச் சொன்னார். சட்டத்தரணி, எழுத்தில் கொடுக்காத முறைப்பாடு சட்டத்தின் முன் முறைப்பாடே இல்லை என்று விளக்கினார். விளம்பர இடைவேளையில் நான் தயாரிப்பாளரிடம் ஓடினேன்.

“அவர் பொய் சொல்றார். நான் அந்தக் கடையில நிண்டனான். அவர் தேத்தண்ணி தந்தவர்.”

தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை. காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஆதாரம் இருக்கா? வழக்குப் போட்டா நீர் வந்து நிப்பீரா, ஸ்டேஷன் நிக்குமா? போய் கோல் எடும்.”

நான் போய் எடுத்தேன். மருதானையிலிருந்து ஒருவர், தூக்கில் போடவேண்டும் என்றார். ஹெந்தளையிலிருந்து ஒரு பெண், பிள்ளைகள் போடும் உடுப்புத்தான் காரணம் என்று கதைக்கவேண்டும் என்றார். அவருடைய அழைப்பை நான் வெட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது குசினியில் ரேடியோ நிறுத்தப்பட்டிருந்தது. அக்கா முழுவதையும் கேட்டிருந்தார். “யாருமே வந்து சொல்லலயாம் தங்கச்சி. நாளைக்கி நான் போன் பண்றேன்.”

“வேண்டாம் அக்கா. உங்களுக்கு இந்த ரேடியோ கேக்கிற சனத்தத் தெரியாது.”

“நீங்க கூட வந்தீங்கதானே. நான் சொன்னது பொய்யா?”

“இல்ல. ஆனா…”

“அப்ப சொல்றேன். நான் சொல்லலன்னு ஆகிடப்படாது.”

மறுநாள் அவர் அழைத்தார். அவருடைய அழைப்பை இணைக்காமல் விட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யாருடைய பெயரும் சொல்லவேண்டாம் என்று மட்டும் சொல்லி உள்ளே கொடுத்தேன். அக்கா தெளிவாகச் சொன்னார். விடுதியில் சொன்னேன், கடையில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், பொலிசில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக. அறிவிப்பாளர், நல்ல குரல் கொண்ட இளைஞர், உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்டார்:

“அம்மா, இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய் விட்டீங்க?”

அக்கா குரலை உயர்த்தாமல் திருப்பிக் கேட்டார்.

“வேற எங்கங்க விடுறது?”

அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. பாடல் ஒன்று போட்டார்கள்.

அதன்பிறகு என் முன்னாலிருந்த தொலைபேசிகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. என்ன தாய் இவள்? பிச்சை எடுத்தாவது வைத்திருக்கக்கூடாதா? வயலில் வேலை செய்கிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து அழைத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். வெள்ளவத்தைச் சந்தையில் அதையே கதைத்தார்கள். பஸ்ஸில் கதைத்தார்கள். ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியது, பெற்றோரின் பொறுப்பின்மை பற்றி. புறக்கோட்டைப் பெரியவரைப் பற்றியோ, மேசையிலிருந்த பொலிஸ்காரரைப் பற்றியோ அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. அவர்களைத் திட்டிப் பலனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வீட்டு வேலைக்காரியைத் திட்டுவது சுலபம்.

நான் எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன், அக்காவோடு எங்கெங்கே போனேன் என்று. வாங்கிக்கொண்டார்கள். வழக்கில் அது தேவைப்படவில்லை என்று பிறகு சொன்னார்கள். வழக்கு அந்த ஒரு ஆளின் மீதுதான். அவன் பிணையில் வெளியே வந்தான். இல்லத்துக்குப் புது நிர்வாகக் குழு போட்டார்கள். பழைய செயலாளர் அதில் ஆலோசகர். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்து, கமெரா பூட்டி, அதற்கு ஒரு கூட்டமும் வைத்தார்கள். எங்கள் நிலையத்துக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை, வேறு ஒருவர் போய் ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்தார்.

அன்ரி அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ரேடியோவில் கேட்ட குரலை அடையாளம் கண்டு யாரோ அவரிடம் கேட்டார்களாம். அக்கா ஹெந்தளையில் கடற்கரையில் மீன் காயவைக்கிற ஒரு கருவாட்டு வாடியில் வேலை தேடிக்கொண்டு, தகரக் கூரை போட்ட ஒரு அறையில் மகளோடு இருக்கிறார் என்று அறிந்தேன். அந்த அறைக்கு எப்படியோ வழி கண்டுபிடித்தார். அப்படி ஓர் அறை ஓகஸ்டில் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு முறை பார்க்கப் போனேன். முதல்முறை பிள்ளை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தாள், வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் போவதில்லை. அங்கே ஒரு பிள்ளை அவளிடம், உங்க அம்மாவைத்தானே ரேடியோவில் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறது.

இரண்டாம் முறை அக்கா வாசலுக்கு வந்து கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே நின்றார். கையில் உப்பு வெடிப்பு. கொண்டுபோன பையை வாங்கிக்கொண்டார்.

“நான் ரேடியோவுல சொல்லாமலே இருந்திருக்கலாம் தங்கச்சி.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. நீங்க சொன்னது சரி.”

“சரிதான். சொல்றதுக்கு முன்னாடி புள்ள என்னயப் பாத்து ஒண்ணும் கேக்கல. இப்ப அவளும் கேக்குறா. ஏம்மா திருப்பிக் கொண்டுபோய் விட்டன்னு. ரேடியோவுல கேட்ட மாதிரியே கேக்குறா.”

கடல் காற்றில் கருவாட்டு மணம் வந்தது. உள்ளே பிள்ளை இருமினாள்.

“கோவிச்சுக்காதீங்க” என்றார் அக்கா. “இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா அவளுக்கு அந்த இடமெல்லாம் ஞாபகம் வருது.”

நான் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வேலையாகப் போனவர்களிடம் விசாரித்தேன். அந்த வாடியில் அப்படி யாரும் இப்போது இல்லை என்றார்கள். வழக்கு இன்னும் தவணைக்குத் தவணை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.